நள்ளிரவுப் பூசைக்கும் மொட்டைமாடி பார்ட்டிக்கும் ஒரே கண் மேக்கப்: முழு வழிகாட்டி

கல்யாண ரிசப்ஷனுக்குப் போடும் கண் மேக்கப்பை அப்படியே கிறிஸ்துமஸ் இரவுக்குப் போட்டால் தாங்காது. ரிசப்ஷனில் ஒரே மேடை, ஒரே வெளிச்சம், மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம். டிசம்பர் 24 இரவு அப்படியில்லை. ஒன்பது மணிக்குக் கண்ணாடி முன்னால் உட்காருகிறோம். பதினொன்றுக்குக் கோயிலில் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம். பூசை முடிந்ததும் குடில் முன்னால் ஃபிளாஷ் அடித்து முப்பது செல்ஃபி. ஒரு மணிக்கு மேல் அப்பார்ட்மென்ட் மொட்டைமாடியில் சீரியல் லைட், கேக், பிரியாணி. வீட்டுக்குள் நுழையும்போது மணி இரண்டரை. நடுவில் பிரசங்கத்தின்போது இரண்டு தடவையாவது கண் சொக்கும்; கை தன்னால் கண்ணைக் கசக்கப் போகும்.

இதில் சென்னை வானிலை வேறு. மார்கழி என்று பேர்தான். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும், காற்று இன்னும் ஈரமாகவே இருக்கும். பட்டுச்சேலை, கூட்டம், எட்டாத தூரத்தில் சுற்றும் ஃபேன் எல்லாம் சேர்ந்தால், இமை எண்ணெய் வடிய அதிக நேரம் ஆகாது.

எங்கள் வீட்டில் அக்கா, தங்கை, சித்தி பெண்கள் என்று வருஷா வருஷம் ஐந்தாறு ஜோடிக் கண்களுக்கு நான்தான் பொறுப்பு. நிறைய சொதப்பிய பிறகு ஒரு முறையில் வந்து நின்றிருக்கிறேன். இமையில் மின்னுவது ஒரே ஒரு இடம். சுற்றிலும் பளபளப்பே இல்லாத பழுப்பு. அந்த ஒரு இடத்தின் நிறத்தைச் சேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, சரிகையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. அவ்வளவுதான் சங்கதி. மற்றதெல்லாம் இதை இரண்டரை மணிவரை நிற்கவைக்கும் வேலை.

நிறம்: சரிகையைப் பாருங்கள்

பச்சைச் சேலைக்குப் பச்சை ஐஷேடோ, ஊதாவுக்கு ஊதா என்று போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேலை ஐந்தரை மீட்டர் அந்த நிறத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இமையும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டுமா? சரிகை என்பது ஓரத்தில் ஓடும் மெல்லிய மினுக்கம். அதே மினுக்கம் கண்ணில் ஒரு புள்ளியாக வந்தால் இரண்டும் தானாகப் பேசிக்கொள்ளும்.

அரக்குச் சேலையில் பழைய மங்கலான தங்கச் சரிகை என்றால், பளிச்சென்ற மஞ்சள் தங்கம் வேண்டாம். வெண்கலத் தங்கம் எடுங்கள். மயில்கழுத்து நிறத்துக்குச் செம்பு நிறம் அபாரமாக இருக்கும். வெள்ளிச் சரிகை போட்ட வெளிர்நிறச் சேலைக்கு சுத்த வெள்ளியைத் தொடாதீர்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் அது விபூதி பூசியதுபோல சாம்பல் பூத்துவிடும். கொஞ்சம் பீச் கலந்த ஷாம்பெயின் நிறம் சரியாக இருக்கும். கவுன், சுடிதார் என்று சரிகையே இல்லாத உடுப்பா? ஜிமிக்கியைப் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் என்றால் சிவப்பும் பச்சையும்தானே என்று ஒரு ஆசை வரும். சிவப்பைக் கண்ணைச் சுற்றிப் போட்டால் எதிரே வருபவர்கள் மெட்ராஸ் ஐ என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். அதுபோக, சில பேலட்டுகளில் பளீர் சிவப்பு, நியான் நிறங்களுக்கு மட்டும் கண்பகுதிக்கு உகந்ததல்ல என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். பச்சை ஆசை தீரவில்லை என்றால், கீழ் இமையின் வெளிப்பாதியில் பாட்டில் பச்சை பென்சிலால் ஒரு கோடு. போதும்.

எடுத்து வைக்க வேண்டியவை

நாற்பது நிற பேலட் தேவையில்லை. தோல் நிறத்தில் ஒரு மேட், அதாவது பளபளக்காத ஐஷேடோ, செங்கல் பழுப்பு மேட் ஒன்று, அடர் சாக்லேட் மேட் ஒன்று, சரிகைக்குப் பொருந்தும் ஷிம்மர் ஒன்று. நான்கே நான்கு. ஐஷேடோ நழுவாமல் பிடித்துக்கொள்ள அடியில் பூசும் பிரைமர், தண்ணீருக்கு அழியாத கறுப்பு அல்லது அடர்பழுப்பு ஜெல் பென்சில், பேனா மாதிரி இருக்கும் லிக்விட் ஐலைனர், இமைமுடி வளைக்கும் கர்லர், மஸ்காரா. பிரஷ் மூன்று: புசுபுசுவென்று இருப்பது, தட்டையானது, பென்சில் முனைபோல் சின்னது. பழைய விசிட்டிங் கார்டு ஒன்று. காது குடையும் பட்ஸ் ஒரு கைப்பிடி.

செங்கல் பழுப்பை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் முதலில் பூசும் வெளிர்பழுப்பு அவர்கள் தோலைவிட இரண்டு படி அடர்த்தி. அதே நிறம் நம் தோலைவிட வெளுப்பு. பூசினால் மாவு அப்பியதுபோல் இருக்கும். உங்கள் தோலைவிட ஒன்றிரண்டு படி அடர்ந்த, கொஞ்சம் சிவப்பு ஓடிய பழுப்பாகத் தேடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதை எல்லாம் முகத்துக்கு ஃபவுண்டேஷன் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். ஐஷேடோ பொடி கன்னத்தில் உதிரத்தான் செய்யும். வெறும் தோலாக இருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம்.

படி 1: இமையைக் காயவைப்பது

முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டு, பத்து நிமிஷம் சும்மா இருங்கள். அந்த நேரத்தில் சேலை மடிப்பு எடுத்துவிடலாம். பிறகு ஒரு டிஷ்யூவை இமைமேல் ஒற்றி எடுங்கள். டிஷ்யூவில் எண்ணெய் தெரியும். அதன்மேல் பிரைமர் போட்டிருந்தால் பூசை முடிவதற்குள் எல்லாம் இமை மடிப்பில் கோடாகத் திரண்டிருக்கும்.

பிரைமர் எவ்வளவு? இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பச்சரிசி அளவு. நிறைய போட்டால் நிறைய நிற்கும் என்பது தப்புக்கணக்கு. தடிமனாகப் போட்டால் அதுவே வழுக்கி மடிப்பில் சேரும். மோதிர விரலால் இமைமுடி வேரிலிருந்து புருவ எலும்புக்குக் கீழ்வரை மெல்லிசாகத் தட்டுங்கள். ஒரு நிமிஷம் கழித்து, தோல் நிற மேட் ஐஷேடோவைத் தட்டை பிரஷ்ஷில் எடுத்து, ஷிம்மர் வரப்போகும் நடு இமையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் ஒற்றுங்கள். நடு இமை கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். ஏன் என்று நான்காம் படியில் வரும்.

நம்மில் நிறையப் பேருக்கு இமையே இயல்பாகக் கறுத்திருக்கும். அதை ஆரஞ்சு கரெக்டர், மேலே கன்சீலர் என்று அடுக்கி மறைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுக்கு கூடக்கூட மடிப்பில் பிளவு கூடும். கருமை இருந்தால் இருக்கட்டும், காசு கொடுத்துப் பூசும் ஸ்மோக்கி ஐ வேறென்னவாம்? கண்ணின் உள்மூலையில் மட்டும் துளி கன்சீலர் தொட்டால் போதும்.

படி 2: மடிப்பில் செங்கல் பழுப்பு

புசுபுசு பிரஷ்ஷைக் காம்பின் கடைசியில் பிடியுங்கள். தலைப்பக்கம் பிடித்தால் கை அழுத்தும், திட்டுத்திட்டாக ஏறும். செங்கல் பழுப்பில் லேசாக ஒற்றி, ஓரத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு, மேல் இமை மடிப்பில் கார் வைப்பர் ஓடுவதுபோல் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். அப்புறம் அதே இடத்தில் சின்னச் சின்ன வட்டம்.

இங்கேதான் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு மடிப்பிலேயே பூசுகிறார்கள். திறந்தால் நிறம் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. கண்ணாடியை நேராகப் பார்த்து, கண்ணைத் திறந்தபடியே, மடிப்புக்கு அரை விரல் நகம் அளவு மேலே பழுப்பு தெரிகிறதா என்று பாருங்கள். மேல் தோல் கொஞ்சம் இறங்கி மடிப்பை மூடும் கண் என்றால், மடிப்பை மறந்துவிடுங்கள். திறந்த கண்ணில் எந்த இடம் தெரிகிறதோ அதுதான் உங்கள் மடிப்பு.

இரண்டு மூன்று தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு கண்ணை முடித்துவிட்டு மறு கண்ணுக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு படியையும் இரண்டு கண்ணிலும் செய்துகொண்டே வாருங்கள். என் தங்கை ஒருமுறை ஒரு கண்ணை முழுசாக முடித்து, அந்த அழகில் மயங்கி நின்றதில் நேரம் போய், மறு கண்ணை வெறுமனே விட்டுக் காரில் ஏறினாள். அந்த வருஷ போட்டோக்களில் எல்லாம் பக்கவாட்டில் திரும்பியே நிற்பாள்.

படி 3: வெளி ஓரத்தில் சாக்லேட்

விசிட்டிங் கார்டை எடுங்கள். கண்ணின் கீழ் வெளிமூலையிலிருந்து புருவம் முடியும் இடத்தை நோக்கிச் சாய்வாக வையுங்கள். இந்தக் கார்டைத் தாண்டி நிறம் போகக் கூடாது. சின்ன பிரஷ்ஷில் சாக்லேட்டை எடுத்து, வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டும், படுத்த 'வி' மாதிரி வையுங்கள். கார்டை எடுத்தால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். நிறம் ஒட்டாத புசுபுசு பிரஷ்ஷால் சாக்லேட்டும் செங்கலும் சந்திக்கும் இடத்தை மட்டும் கலைத்துவிடுங்கள். கார்டு ஓரத்தைத் தொடாதீர்கள்.

கறுப்பு ஐஷேடோவை இந்த இடத்தில் போடலாமா என்று கேட்பார்கள். எல்.இ.டி. வெளிச்சத்தில் அது கண்ணைக் குழியாக்கிவிடும். தூக்கம் கெட்ட முகத்துக்கு அது வேறு எதற்கு.

படி 4: அந்த ஒரு மின்னும் இடம்

ஷிம்மரை விரலால் பூசுங்கள். பிரஷ் வேண்டாம். தேய்க்கவும் வேண்டாம், மோதிர விரலால் எடுத்து ஒற்றி அழுத்துங்கள்.

ஷிம்மர் என்பது பெரும்பாலும் அப்பிரகம், அதாவது மைக்கா. தாள் தாளாக உரியும் அந்தக் கனிமத்தின் நுண்ணிய செதில்கள்மேல் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ மெல்லிசாகப் பூசப்பட்டிருக்கும். செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒரே வாட்டத்தில் படுத்திருந்தால் வெளிச்சத்தை ஒரே பக்கம் திருப்பி அனுப்பும், அதுதான் மினுக்கம். பிரஷ்ஷால் தேய்த்தால் செதில்கள் கன்னாபின்னாவென்று நிற்கும். ஆளுக்கொரு பக்கம் வெளிச்சத்தைச் சிதறடித்து, வெறும் பழுப்புப் பொடி மாதிரி மங்கிப்போகும். விரலால் அழுத்தும்போது செதில்கள் படுக்கின்றன. அடியில் பிரைமர் ஒட்டலாக இருந்தால் படுத்த இடத்திலேயே கிடக்கின்றன. நடு இமையில் பவுடர் போட வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான்.

எங்கே வைப்பது? நேராகப் பார்க்கும்போது கருவிழிக்கு நேர்மேலே, இமையின் நடுவில். முதல் ஒற்று அங்கே. விரலில் மிச்சமிருப்பதை உள்மூலைப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். வெளி ஓரச் சாக்லேட்டுக்குள் நுழைய விடாதீர்கள். நடு இமைதான் உருண்டையாக எழும்பி நிற்கும் இடம். கோயிலில் தலை குனிந்திருக்கும்போது ஒரு வெளிச்சம், நிமிரும்போது இன்னொரு வெளிச்சம், கண் சிமிட்டும்போது ஒரு மின்னல். இமை முழுக்கப் பூசினால் இந்த விளையாட்டு வராது, முழு இமையும் ஈரமாக இருப்பதுபோல்தான் தெரியும்.

இன்னும் பளிச்சென்று வேண்டுமென்றால், தட்டை பிரஷ்ஷில் செட்டிங் ஸ்பிரே (மேக்கப் கலையாமல் இருக்க அடிப்பது) ஒரு தடவை அடித்து, ஷிம்மரைத் தொட்டு, அதே நடுப்புள்ளியில் மறுபடி அழுத்துங்கள். ஸ்பிரேயை ஷிம்மர் மேலேயே அடிக்காதீர்கள். பேலட் இறுகிப் பாறையாகிவிடும்.

ஜிகினா பற்றி ஒரு வார்த்தை

ஷிம்மர் வேறு, ஜிகினா வேறு. கிளிட்டர் என்று விற்பதில் பெரும்பாலானவை அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாளை அறுகோணமாக வெட்டிய துண்டுகள். ஆறு மூலை, ஆறு முனை. கண்ணுக்கென்றே தயாரானது மிக நுண்ணியதாக இருக்கும். கைவினை வேலைக்கு விற்பது பெரிசு.

ஒரு வருஷம், அக்கா பையன் ஸ்கூல் சார்ட்டுக்கு வாங்கிய தங்க ஜிகினா வீட்டில் இருந்தது. மின்னுவதெல்லாம் மின்னட்டும் என்று வாசலின் தொட்டு இமையில் ஒட்டிக்கொண்டேன். காணிக்கை எடுக்கும் நேரத்தில் இடது கண்ணுக்குள் ஒன்று போய்விட்டது. கசக்காமல் வெளியே ஓடி, குழாயடியில் அரை மணி நேரம் கண்ணைக் கழுவினேன். மறுநாள் பண்டிகையும் அதுவுமாகக் கண் டாக்டரிடம் போனால், கருவிழியில் கீறல் என்றார். ஒரு வாரம் சொட்டு மருந்து. கசக்கியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றும் சொன்னார்.

ஆகவே, கண்ணுக்கு உகந்தது என்று எழுதியிருந்தால் மட்டும், அதற்கான பசையோடு, நடு இமையில் மட்டும். இமைமுடி ஓரத்துக்கு அருகில் வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் ஜிகினா பக்கமே போகாதீர்கள்.

படி 5: மை

பாட்டி காலத்துக் கண்மை எப்படிச் செய்வார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கேற்றி, மேலே செம்புத் தட்டைக் கவிழ்த்து, படியும் கரியைச் சுரண்டி விளக்கெண்ணெயில் குழைப்பார்கள். கரியும் எண்ணெயும், அவ்வளவுதான். எண்ணெய் என்பதால் அது எந்தக் காலத்திலும் ஓடத்தான் செய்யும். பத்து நிமிஷத்தில் கண்ணுக்கடியில் இறங்கிவிட்டது என்று மையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் சுபாவம் அது. இந்த இரவுக்கு மட்டும் ஜெல் பென்சில் எடுங்கள். பேர் தெரியாத சுர்மாவை வாங்காதீர்கள். சிலவற்றில் ஈயம் இருக்கும்.

முதலில் ஜெல் பென்சிலால் மேல் இமைமுடி வேர்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாக நிரப்புங்கள். கோடு போட வேண்டாம், இடைவெளியை அடைத்தால் போதும். ஜெல் முப்பது விநாடியில் இறுகிவிடும் என்பதால், அதற்குள் சின்ன பிரஷ்ஷால் லேசாகக் கலைத்து, மேலே சாக்லேட் ஐஷேடோவை ஒற்றுங்கள். இந்தப் பொடிதான் பூட்டு. இது இல்லாமல் எந்தப் பென்சிலும் இரண்டரை மணிவரை நிற்பதை நான் பார்த்ததில்லை.

வெளிமூலையில் கோட்டை இறக்கை மாதிரி நீட்டி இழுப்பதாக இருந்தால் லிக்விட் ஐலைனர். முழங்கையை மேசையில் ஊன்றுங்கள். நேராகப் பார்த்தபடி, வெளிமூலையில் ஒரு புள்ளி, இறக்கை முடியும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டு கண்ணிலும் முடியும் புள்ளி ஒரே உயரமா என்று பார்த்துவிட்டுத்தான் கோடு. தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள். விட்டவுடன் கோடு வளைந்துவிடும். கோணலாகிப் போனால் மேலும் மேலும் தடிப்பாக்கிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், அப்படித்தான் இறக்கை காதுவரை போகிறது. மேக்கப் துடைக்கும் மைசெல்லர் வாட்டரில் தொட்ட பட்ஸால் அடியிலிருந்து மேலாக ஒரே இழுப்பு. கத்தி மாதிரி ஓரம் வந்துவிடும்.

கீழ் இமையில், வெளிப்பாதிக்கு மட்டும் செங்கல் பழுப்பைப் புகையாகப் பூசுங்கள். கண்ணின் உள்விளிம்பில், அதாவது வாட்டர்லைனில் மை தீட்டாமல் நம் கண் நிறையாது என்பது எனக்கும் தெரியும். தீட்டுங்கள், ஆனால் முதலில் காய்ந்த பட்ஸால் அந்த ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு. இமை விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன, கண்ணீர் சீக்கிரம் உலராமல் காப்பது அந்த எண்ணெய்தான். தினம் தினம் அங்கே மெழுகுப் பென்சிலை அப்பினால் அடைத்துக்கொள்ளும். பண்டிகைக்கு ஒருநாள் என்றால் சரி.

படி 6: இமைமுடி

கர்லரை வேரில் வைத்து மெதுவாகப் பத்து எண்ணுங்கள். எப்போதும் மஸ்காராவுக்கு முன்னால்தான். காய்ந்த மஸ்காராமேல் கர்லர் வைத்தால் முடி உடையும். மஸ்காரா பிரஷ் நுனியில் திரண்டிருப்பதை டிஷ்யூவில் துடைத்துவிட்டு, வேரில் இப்படி அப்படி அசைத்து மேலே இழுங்கள். மெல்லிசாக இரண்டு தடவை.

வியர்வைக்கும் எண்ணெய்க்கும் பயந்தவர்கள் ட்யூபிங் மஸ்காரா என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முடியையும் சுற்றிக் குழாய்போல ஒரு பாலிமர் உறை போடுவது அது. எண்ணெய்க்குக் கரையாது, கண்ணுக்கடியில் இறங்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெல்ல இழுத்தால் குட்டிக் குட்டிக் குழாய்களாகக் கழன்று வரும். வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவைத் தேய்த்துத் தேய்த்து எடுக்கும் அவஸ்தை இல்லை. எந்த மஸ்காராவும் திறந்து மூன்று மாதத்துக்குமேல் வைத்திருக்காதீர்கள். போன கிறிஸ்துமஸ் மஸ்காரா இன்னும் வருகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள்.

லேஷஸ், அதாவது செயற்கை இமைமுடி ஒட்டுவதானால் முழு நீளம் வேண்டாம். பாதியாக வெட்டி வெளி ஓரத்தில் மட்டும் ஒட்டுங்கள். உள்மூலையில்தான் எப்போதும் முதலில் எழும்பும், அந்தத் தலைவலியே இல்லை. பசை தடவி முப்பது விநாடி பொறுத்து, பிசுபிசுப்பான பிறகு வையுங்கள். பசையை இரண்டு நாள் முன்பே முழங்கை மடிப்பில் தொட்டுப் பாருங்கள். சில பசைகளில் லேட்டெக்ஸ் இருக்கும், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இமை வீங்கிவிடும்.

ஆளுக்கு ஆள் மாறுவது

கண்ணாடி போடுபவர்கள் பவரைப் பாருங்கள். மைனஸ் கண்ணாடி கண்ணைச் சின்னதாகக் காட்டும். கோடு கொஞ்சம் தடிமனாகவும் நடு ஷிம்மர் பளிச்சென்றும் இருக்கலாம். பிளஸ் கண்ணாடி பெரிசாக்கிக் காட்டும், பிசிறு, திட்டு எல்லாவற்றையும் சேர்த்து. அதனால் கோடு மெல்லிசு, கலைப்பது நிதானமாக. லென்ஸ் போடுபவர்கள் மேக்கப்புக்கு முன் லென்ஸ் போட்டு, மேக்கப் எடுக்குமுன் லென்ஸை எடுத்துவிட வேண்டும்.

அம்மாக்களுக்கு வேறு கணக்கு. என் அம்மாவுக்கு முதல்முறை இதே ஷிம்மரைப் பூசியபோது, "என்னடி இது, கூத்து கட்டப் போறவ மாதிரி" என்றார். பார்த்தால் உண்மைதான்: இமையின் நுண்ணிய சுருக்கம் ஒவ்வொன்றிலும் பெரிய செதில்கள் போய் உட்கார்ந்து கோடு கோடாக மின்னின. இப்போது அவருக்கு சாட்டின் வகை, அதாவது பட்டு போல மங்கலாக ஒளிரும் வெண்கல நிறம், கறுப்புக்குப் பதில் பழுப்புப் பென்சில், இறக்கை கிடையாது. "இது பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, அப்புறம் அதே பென்சிலைக் காணவில்லை.

பென்சில் என்றதும் இன்னொன்று. பண்டிகை வீட்டில் ஒரே மை, ஒரே மஸ்காரா ஐந்து கண்ணுக்கு ஓடும். ஒருத்திக்கு மெட்ராஸ் ஐ தொடங்கியிருந்தாலும் புத்தாண்டுக்குள் வீடே சிவந்துவிடும். பென்சிலை ஒவ்வொருவருக்கும் முன்னால் சீவுங்கள். மஸ்காரா அவரவருக்குத் தனி.

கிளம்புமுன், கிளம்பியபின்

கன்னத்தில் உதிர்ந்ததைத் துடைத்து, முகத்தை முடியுங்கள். கண்ணுக்கடியில் வெள்ளைச் சிலிகா பவுடரை அள்ளிப் போடாதீர்கள். வீட்டுக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. ஃபிளாஷ் அடித்தால் இரண்டு வெள்ளைப் பிறை தெரியும். ஃபோனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அப்படியே ஹால் டியூப்லைட்டில் ஒரு தடவை, விளக்கணைத்த பால்கனியில் சீரியல் லைட்டுக்கு முன்னால் ஒரு தடவை.

கைப்பையில் நான்கு பட்ஸ், இரண்டு டிஷ்யூ, அந்த ஜெல் பென்சில். வேறெதுவும் வேண்டாம். பூசை முடிந்ததும் டிஷ்யூவை இமைமேல் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள். கண்ணுக்கடியில் மை இறங்கியிருந்தால் காய்ந்த பட்ஸை உருட்டி எடுங்கள். எச்சில் தொட்டு விரலால் துடைக்கும் பழக்கத்தை இன்றைக்காவது விட்டுவிடுங்கள். பாடல் கேட்டுக் கண் கலங்கிவிட்டால், இமையைத் தொடாமல் டிஷ்யூவின் மூலையைக் கீழ் விளிம்பில் வைத்தால் தண்ணீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

இரண்டரை மணிக்கு

தூக்கம் கண்ணைச் சுற்றும். படுத்துவிடாதீர்கள். எண்ணெயும் தண்ணீரும் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும் மேக்கப் ரிமூவரில் பஞ்சை நனைத்து (குலுக்கிய பிறகு), மூடிய கண்மேல் வைத்து முப்பது எண்ணுங்கள். பஞ்சு வேலை செய்யட்டும், கை அல்ல. பிறகு கீழ்நோக்கி ஒரு துடைப்பு. ரிமூவர் தீர்ந்துவிட்டதா, தேங்காயெண்ணெய் போதும். வாட்டர்ப்ரூஃப் எதுவானாலும் கரைக்கும். ஆனால் பிறகு முகத்தைச் சோப்பு போட்டுக் கழுவியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் காலையில் பார்வை பனிமூட்டமாக இருக்கும். இமையில் ஜிகினா இருந்தால் முதலில் எண்ணெய் தொட்டு அதை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு மற்றதற்கு வாருங்கள். கன்னத்தில் ஒட்டியிருப்பதை செல்லோடேப்பால் எடுக்கலாம்.

பிரஷ்களை அன்றைக்கே கழுவ வேண்டாம், யாருக்கும் அந்தத் தெம்பு இருக்காது. 26-ஆம் தேதி காலையில் குழந்தைகள் ஷாம்பூ ஒரு சொட்டு விட்டு உள்ளங்கையில் சுழற்றிக் கழுவி, முடிப்பக்கம் மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவையுங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் காம்புக்குள் இறங்கி, முடியைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும். புசுபுசு பிரஷ் காய இந்த ஈரக் காற்றில் ஒன்றரை நாள்கூட ஆகும். 31-ஆம் தேதி இரவு மறுபடி வேலை இருக்கிறது.